கரும்பழுப்பு முட்டையும் இறகு நிறமும்

பிரான்சு நாட்டின் மேற்குக் கரையில், லா ரோஷெல் துறைமுகத்தை அடுத்துள்ள மரான் என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய கோழியினம், சாக்லேட்டு நிற முட்டைக்குப் புகழ் பெற்றது. அந்நிறம் நூலில் ஊறிய சாயம் போன்றதன்று; முட்டை வெளிவருவதற்குச் சில மணி நேரம் முன்னர் ஓட்டின்மேல் பெரிதும் படியும் பூச்சேயாகும். ஈரம் உலருமுன் தேய்த்தால் கறை கையில் ஒட்டும். பருவத்தின் தொடக்கத்தில் கருமை மிகுந்திருக்கும், இடஇட வெளிறும். ஆதலின் முதல் முட்டையைக் கண்டு மயங்கிப் பெட்டைக்கு விலை பேசுதல் தகாது.

சேவலைத் தேர்வதிலேதான் பலர் தவறுகின்றனர். செம்புநிறக் கழுத்திறகு கண்ணைக் கவர்கிறது. ஆனால் முட்டையிடாத சேவலும் தன் தாயின் முட்டை நிறத்தைப் பெண்மக்களுக்கு வழங்குகிறது. இறகு ஒன்றையே பார்த்துச் சேர்த்தால் சில தலைமுறைகளில் முட்டை வெளிறிவிடும். எனவே கருமுட்டைகளைத் தனியே பொரிக்க வைத்து, குஞ்சின் காலில் வளையமிட்டுக் குறித்துக்கொள்க.

இறகு நிறத்தில் ஒரு கணக்கு உண்டு. நீலச்சாம்பல் சேவலையும் அதே நிறப் பெட்டையையும் இணைத்தால், சராசரியாக 4 குஞ்சுகளில் 2 நீலச்சாம்பலாகவும், 1 கறுப்பாகவும், 1 வெளிறிய உடலில் புள்ளி தெளித்ததாகவும் அமையும். கறுப்பையும் புள்ளியையும் இணைத்தாலோ அனைத்தும் நீலச்சாம்பலே.

அடை 21 நாள். கரிய ஓட்டினூடே விளக்கொளி எளிதிற் புகாது; கருவைக் காண்பது அரிது. நீரும் மெதுவாகவே வெளியேறுவதால், வளர்ப்போர் பலர் பொறியில் ஈரப்பதத்தைச் சற்றுக் குறைத்து வைக்கின்றனர். முட்டையை நிறுத்துப் பார்த்தலே நம்பத்தக்கது: 18-ஆம் நாளுக்குள் எடையில் 100-க்கு ஏறத்தாழ 12 பங்கு குறைந்திருத்தல் வேண்டும்.