வீட்டாருக்கு இடமில்லாத தீவுகள்

2025-ஆம் ஆண்டு ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயின் நாட்டின் மயோர்கா தீவின் தலைநகரான பால்மாவில் குடும்பத்துடன் தங்கியிருந்தோம். மாலையில் கடற்கரையிலிருந்து திரும்பியபோது, ஆயிரக்கணக்கானோர் பதாகைகளை ஏந்தி ஊர்வலமாகச் சென்றுகொண்டிருந்தனர். முதியவர்கள், கைக்குழந்தையுடன் வந்த பெற்றோர், மாணவர்கள் எனப் பல தரப்பினரும் அதில் இருந்தனர். உள்ளூர் மக்கள் வாழ வீடு வேண்டும், சுற்றுலாவுக்கு வரம்பு வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. அதே நாளில் பார்சிலோனா, வெனிஸ், லிஸ்பன் உள்ளிட்ட தெற்கு ஐரோப்பிய நகரங்கள் பலவற்றிலும் இத்தகைய போராட்டங்கள் நடைபெற்றன.

ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த ஒரு பதாகையைப் படித்த என் பதினொரு வயதுப் பேத்தி, "தாத்தா, இவங்க நம்மளையா போகச் சொல்றாங்க?" என்று கேட்டாள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனடியாக விடை சொல்லத் தெரியவில்லை.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றும் மகன் வீட்டுக்கு நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். அந்த மாநிலப் பள்ளிகளுக்கு ஜூனில் பெந்தகொஸ்தே விடுமுறை. அந்த நாள்களில் குடும்பமாக பார்சிலோனாவுக்குச் சென்று, அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே வலென்சியாவை அடைந்து, பின்னர் இரவுக் கப்பலில் மயோர்காவுக்குச் செல்வது எனத் திட்டமிட்டோம். மத்தியதரைக் கடலின் நீலமும் மலைச்சரிவு ஆலிவ் தோப்புகளும் நான் படங்களில் பார்த்து வியந்ததைவிட அழகாகவே இருந்தன. ஆனால், அந்தப் பயணத்தில் என் மனதில் தங்கிவிட்டது பார்சிலோனாவில் நாங்கள் தங்கிய வீடு.

நாங்கள் ஆறு பேர். விடுதியில் மூன்று அறைகள் எடுப்பதற்கான செலவில் ஏறத்தாழ பாதிக்கு, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு கிடைத்தது. சமையலறை இருந்ததால் இரவில் ரசமும் சோறும் சமைத்துக்கொள்ள முடிந்தது. உரிமம் பெற்ற வீடுதான். சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. இரண்டாம் நாள் எதிர்வீட்டு மூதாட்டி, என் மருமகளுக்குத் தெரிந்த ஓரளவு ஸ்பானிய மொழியில் பேசினார். நாங்கள் தங்கியிருந்த வீட்டில் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இரு குழந்தைகளுடன் ஒரு குடும்பம் வாழ்ந்ததாம். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் அவர்கள் நகருக்கு வெளியே குடிபெயர்ந்துவிட்டனராம். இப்போது வாரத்துக்கு ஒரு புதிய முகம். நள்ளிரவிலும் மாடிப்படிகளில் பெட்டிகளின் சக்கர ஓசை. அவர் கோபமாகப் பேசவில்லை; பேரக் குழந்தைகளுக்கு மிட்டாய்கூடக் கொடுத்தார். அதனால்தானோ என்னவோ, அந்த வார்த்தைகள் எனக்குக் கூடுதலாகவே உறைத்தன.

ஒரு வீட்டின் உரிமையாளர் ஏன் குடும்பத்தை அனுப்பிவிட்டுப் பயணிகளை வரவேற்கிறார் என்பது எளிய கணக்கு. எடுத்துக்காட்டாக, மாதம் 1,200 யூரோ வாடகைக்கு விடப்படும் வீட்டிலிருந்து ஆண்டுக்கு 14,400 யூரோ கிடைக்கிறது என்று கொள்வோம். அதே வீட்டை நாளொன்றுக்கு 200 யூரோவுக்குப் பயணிகளுக்கு விட்டால், கோடையில் 75 நாள்கள் நிரம்பினாலே 15,000 யூரோ கிடைத்துவிடும். துப்புரவு, முகவர் கட்டணம் போன்ற செலவுகளைக் கழித்தாலும், மீதமுள்ள மாதங்களில் வருவது கூடுதல் ஆதாயம். ஆக, அந்த வீட்டுக்காக உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் போட்டியிட வேண்டியது இன்னோர் ஆசிரியருடன் அல்ல. உலகெங்கிலுமிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்களின் சேமிப்புடன். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று.

இதன் அளவைப் புரிந்துகொள்ளச் சில எண்கள் உதவும். 4.9 கோடி மக்கள்தொகை கொண்ட ஸ்பெயினுக்கு 2024-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9.4 கோடி வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். மயோர்கா, இபிசா உள்ளிட்ட பலேரிக் தீவுகளில் வாழ்வோர் சுமார் 12 லட்சம் பேர். அதே ஆண்டில் அங்கு வந்த பயணிகள் 1.8 கோடிக்கும் அதிகம். கிரேக்கத்தின் சான்டோரினி தீவின் பரப்பு சுமார் 76 சதுர கி.மீ.; மக்கள்தொகை ஏறத்தாழ 15,500. அங்கு ஆண்டுதோறும் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து செல்கின்றனர்.

இதனால் சுற்றுலாவே கூடாது என்று கூறிவிட முடியாது. ஸ்பெயினின் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 12 சதவீதம் சுற்றுலா தருவது. 2013-ஆம் ஆண்டில் அந்நாட்டில் வேலையின்மை 26 சதவீதத்தை எட்டியது. அந்த நெருக்கடியிலிருந்து நாடு மீண்டெழுந்ததில் கடற்கரை விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. மீன்பிடித்தலையும் மானாவாரி வேளாண்மையையும் நம்பி வாழ்ந்த பல தீவுகளில், பிழைப்புக்காகக் கப்பலேறுவது ஒரு காலத்தில் இயல்பான நிகழ்வு. சுற்றுலாவே அந்த வெளியேற்றத்தைத் தடுத்தது. இப்போது அதே சுற்றுலா வீட்டு வாடகையின் வழியே அவர்களின் பேரப்பிள்ளைகளை வெளியேற்றுகிறது. இபிசாவில் கோடைக்காலத்தில் பணியாற்ற வரும் தொழிலாளர்கள் பலர், வீடு கிடைக்காமல் வேன்களிலும் கூடாரங்களிலும் தங்குகின்றனர்.

பொருளாதாரத்தில் இதனைப் புறவிளைவு என்கிறோம். நான் செலுத்தும் அறை வாடகையில் உரிமையாளரின் செலவும் லாபமும் அடங்கியுள்ளன. எதிர்வீட்டு மூதாட்டியின் இழப்பு அடங்கவில்லை. குடிநீருக்கும் இது பொருந்தும். கடும் வறட்சி காரணமாக 2024 பிப்ரவரியில் பார்சிலோனாவிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, நபருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என நீர்ப் பயன்பாட்டுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. மழை மிகக் குறைவாகப் பெய்யும் கோடையில்தான் பயணிகளின் வருகை உச்சத்தைத் தொடுகிறது என்பது மத்தியதரைக் கடலோரத்தின் தீராத சிக்கல்.

இத்தகைய சூழலில் அரசுகளின் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, விலையை உயர்த்துவது. மற்றொன்று, எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பது. எப்போது எது சிறந்தது என்பதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மார்ட்டின் வெய்ட்ஸ்மன் 1974-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். ஓர் எல்லையைத் தாண்டினால் பாதிப்பு செங்குத்தாக உயரும் இடங்களில், விலையைவிட அளவுக் கட்டுப்பாடே பாதுகாப்பானது என்பது அவர் ஆய்வின் சாரம்.

வெனிஸ் நகரம் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் பகலில் மட்டும் வந்து செல்வோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 2025-இல் கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்கு அது 10 யூரோவானது. முதல் ஆண்டில் நகராட்சிக்கு 20 லட்சம் யூரோவுக்கும் அதிகமாக வருவாய் கிடைத்தது. ஆனால், கூட்டம் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. இது வியப்புக்குரியதன்று. பல நூறு யூரோ செலவழித்து வருபவர் 5 யூரோவுக்காகத் திரும்பிச் செல்லமாட்டார். 1951-இல் ஏறத்தாழ 1.75 லட்சம் பேர் வாழ்ந்த வெனிஸின் பழைய நகரில் இப்போது 50 ஆயிரத்துக்கும் குறைவானவர்களே வாழ்கின்றனர். நுழைவுக் கட்டணம் அவர்களில் எவருக்கும் வீட்டைத் திருப்பித் தந்துவிடாது.

இரண்டாவது வழியில் சென்ற ஊர்களும் உள்ளன. குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரம், நாளொன்றுக்கு இரண்டு சொகுசுக் கப்பல்கள் என வரம்பு விதித்தது. பால்மா துறைமுகத்தில் 2022 முதல் நாளொன்றுக்கு மூன்று கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. பால்மா நகராட்சி 2018-இலேயே அடுக்குமாடிக் குடியிருப்புகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதைத் தடை செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2028 நவம்பருக்குள் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களைப் புதுப்பிக்காமல் விடப்போவதாக பார்சிலோனா மேயர் ஜாவ்மே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். நாங்கள் தங்கிய வீடும் அந்தப் பட்டியலில் அடங்கும்.

இந்தத் தடை முழுத் தீர்வாகுமா? பத்தாண்டுகளில் வாடகை 68 சதவீதம் உயர்ந்ததாக மேயர் கூறினார். ஆனால், பார்சிலோனா குறித்து 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இணையவழி விடுமுறை வாடகையால் நகரில் வாடகை சராசரியாக சுமார் 2 சதவீதமும், அத்தகைய வீடுகள் மிகுந்த பகுதிகளில் சுமார் 7 சதவீதமுமே உயர்ந்ததாகக் கணக்கிட்டது. அதாவது, வாடகை உயர்வு முழுவதற்கும் பயணிகளே காரணம் என்பது மிகை. பல ஆண்டுகளாகப் புதிய வீடுகள் போதிய அளவில் கட்டப்படாததும், அரசின் குறைந்த வாடகைக் குடியிருப்புகள் ஸ்பெயினில் மிகக் குறைவாக இருப்பதும் பெரிய காரணங்கள். விடுமுறை வீடுகளை முற்றிலும் ஒழித்தால், விடுதி உரிமையாளர்கள் கட்டணத்தை உயர்த்துவர். எங்களைப் போன்ற பெரிய குடும்பங்கள் கூடுதலாகச் செலவிட நேரும்.

எனினும், அந்தக் கூடுதல் செலவு நியாயமானது என்றே கருதுகிறேன். குடும்பங்கள் வாழ்வதற்கென்றே கட்டப்பட்ட கட்டடத்தில் எங்களின் சிக்கனத்துக்கான விலையை வேறொரு குடும்பம் கொடுத்திருக்கிறது. சராசரியாக 2 சதவீதம் என்பது புள்ளிவிவரத்தில் சிறியதுதான். ஆனால், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத குடும்பத்துக்கு இழப்பு நூறு சதவீதம்.

தீர்வுக்கான மற்றொரு தடயத்தை வலென்சியாவில் கண்டோம். அங்குள்ள பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. தூரியா ஆற்றின் வாய்க்கால்களில் பாசனம் பெறும் உழவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர், கருப்பு அங்கி அணிந்து வட்டமாக அமர்கின்றனர். ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, புகாருக்கு உள்ளானவர் உண்டா எனக் காவலர் கூவி அழைக்கிறார். விசாரணை, தீர்ப்பு எல்லாம் வாய்மொழியாகவே அங்கேயே முடிந்துவிடும். நாங்கள் சென்ற ஜூன் 12 அன்று புகார் எதுவும் இல்லாததால் சில நிமிடங்களில் அவை கலைந்தது. கூடியிருந்தோரில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற பயணிகள்.

பல நூற்றாண்டுகளாகத் தொடரும் இந்த அமைப்பை யுனெஸ்கோ 2009-ஆம் ஆண்டு மானுடப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. அதே 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுவளங்கள் குறித்த தம் நூலில் வலென்சியாவின் பாசனமுறையை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். பொதுவளத்தை அரசுடைமையாக்கவோ தனியாருக்கு விற்கவோ தேவையில்லை. அதைப் பயன்படுத்தி வாழ்வோர் தாமே விதிகளை வகுத்து, தாமே கண்காணித்து, மீறுவோருக்கு அளவான தண்டனையும் விதித்தால் அது நீடிக்கும் என்பதே அவர் கண்டறிந்தது.

ஒரு தீவின் குடியிருப்புகளும் குடிநீரும் கடற்கரையும் இத்தகைய பொதுவளமே. அதன் வரம்பைத் தீர்மானிக்கும் உரிமை, விமான நிறுவனங்களுக்கும் இணைய முன்பதிவுத் தளங்களுக்கும் முன்பாக, அங்கு ஆண்டு முழுவதும் வாழ்வோருக்கு உரியது. எத்தனை படுக்கைகள், எத்தனை கப்பல்கள், எத்தனை வீடுகள் என்று அவர்கள் வகுக்கும் எல்லையை விருந்தினருக்கு எதிரான வெறுப்பாகக் கருத வேண்டியதில்லை. வறட்சிக் காலத்தில் வாய்க்கால் நீரை முறைவைத்துப் பகிரும் உழவரின் விவேகமே அது.

நம் நாட்டிலிருந்தும் வெளிநாட்டுக்குக் குடும்பமாகச் சுற்றுலா செல்வோர் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில கூற விரும்புகிறேன். பள்ளி விடுமுறை தடுக்காவிட்டால், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்து அக்டோபரிலோ ஏப்ரலிலோ செல்லலாம். வெயிலும் கூட்டமும் செலவும் குறைவு. ஐந்து ஊர்களில் இரண்டிரண்டு நாள்கள் என ஓடுவதைவிட ஒரே ஊரில் பத்து நாள்கள் தங்கலாம். குடியிருப்பை வாடகைக்கு எடுப்பதாயின், விளம்பரத்தில் உரிம எண் உள்ளதா எனப் பார்ப்பது அவசியம்; இயன்றவரை விடுதியையே தேர்ந்தெடுப்பது நல்லது. உள்ளூர்ச் சந்தையில் காய்கனி வாங்கினால், நம் பணத்தில் ஒரு பகுதியாவது அந்த ஊரிலேயே தங்கும்.

பேத்திக்கு அன்று இரவுதான் விடை சொன்னேன். "நம்மைப் போகச் சொல்லவில்லை, நாம் திரும்பிப் போன பிறகும் அவர்கள் அங்கே இருக்க வேண்டும் என்கிறார்கள்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப மிட்டாய் கொடுத்த பாட்டி அங்கேயேதானே இருப்பாங்க?" என்று கேட்டாள். இருப்பார் என்றுதான் நம்புகிறேன். அடுத்த முறை பார்சிலோனா செல்ல நேர்ந்தால், விடுதியில் மூன்று அறைகள் எடுப்பதென வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).