வெந்நீரின் பூர்வீகம்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையில், கோட்டைப்பட்டினத்திலோ அம்மாபட்டினத்திலோ ஆழ்குழாய் இறக்கிய வீட்டில் நீர் உப்புக்கரித்தால், "கடல் உள்ளே வந்துவிட்டது" என்பார்கள். அது மெய்தானா என்பதை நாவு அறியாது.

இதே ஐயம் கடலோர வெந்நீர் ஊற்றுகளுக்கும் உண்டு. பாக் நீரிணைக்கு அப்பால், திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. எரிமலையே இல்லாத மண்ணில் ஊறும் அந்நீர் கடலினுடையதா, மழையினுடையதா?

விடையை நீரே சுமந்து வருகிறது. ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒன்று கனமானது, அதுவே ஆக்சிஜன்-18. ஹைட்ரஜனுக்கும் டியூட்டீரியம் என்னும் கனத்த உடன்பிறப்பு உண்டு. ஐசோடோப்புகள் எனப்படும் இவ்விரண்டும் கதிர்வீச்சு அற்றவை, அஞ்ச வேண்டியதில்லை. கடல்நீர் ஆவியாகையில் இலேசானவை முந்துகின்றன, கனத்தவை பின்தங்குகின்றன. ஆகவே மழைநீரில் கனத்தவை பொதுவாகக் குறைவு. உலகின் மழைநீரில் இவ்விரண்டின் அளவுகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைவதை 1961-இல் ஹார்மன் கிரெய்க் எடுத்துக்காட்டினார்.

இலங்கையின் வெந்நீர் ஊற்றுகளும், மராட்டியத்தின் கொங்கண் கரை ஊற்றுகளும் இவ்வாறு ஆராயப்பட்டு, அடிப்படையில் மழைநீரே எனத் தெளிந்தன. பெய்த மழை பாறைப் பிளவுகளின் வழியே ஆழ இறங்குகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 பாகை வரை வெப்பம் ஏறுவதால், அது சூடாகி மேலே திரும்புகிறது. மிகுந்த வெப்பமுள்ள இடங்களில் பாறையிலுள்ள கனத்த ஆக்சிஜனையும் நீர் வாங்கிக்கொள்ளும். பாறையில் ஹைட்ரஜன் சொற்பமாகையால் டியூட்டீரியம் மாறுவதில்லை. இந்தச் சிறு முரண்பாடே நீர் பட்ட சூட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்!

வயதை அறிய டிரிட்டியம் துணைசெய்கிறது. மிகச் சிறு அளவில் கதிர்வீச்சுடைய இது சுமார் 12.3 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ஊற்றில் அது அறவே இல்லையெனில், அந்நீர் பல பத்தாண்டுகளுக்கு முன்பு பெய்த மழை.

இனி நம் கிணற்றுக்கு வருவோம். கடல்நீர் கலந்திருந்தால் உப்பு ஏற ஏற ஐசோடோப்பு அளவும் கடலை நோக்கி நகரும். மண்ணில் உறைந்த பழைய உப்பு கரைந்ததாயின் உப்பு மட்டும் ஏறும், ஐசோடோப்பு அசையாது. வெயிலில் வற்றிச் செறிந்த நீரோ அந்த நேர்கோட்டை விட்டு விலகிநிற்கும். மூன்றும் நாவுக்கு ஒன்றே, பரிகாரமோ வேறு. கடல் புகுந்திருந்தால் இறைப்பைக் குறைத்து, ஊருணிகளைத் தூர்வாரி, மழைநீரை நிலத்தில் இறக்க வேண்டும். பழைய உப்பாயின் இறைப்பை நிறுத்தியும் பயனில்லை. வேறு ஆழத்திலோ வேறு இடத்திலோதான் நீர் தேட வேண்டும். இதை அறியாமலே எத்தனை குடும்பங்கள் குழாய்க்குமேல் குழாய் இறக்கிப் பணத்தை மண்ணில் போடுகின்றன!

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனமும் இவ்வாய்வுகளைச் செய்துவருகின்றன. மாதிரி எடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. புட்டியில் காற்றுக்குமிழி தங்காதபடி விளிம்புவரை நிரப்பி இறுக மூட வேண்டும். உள்ளே சிறிது ஆவியானாலும் கணக்குப் பிழைத்துவிடும்.