புகை தீண்டாத விஸ்கியும் தீவகத்துப் பனஞ்சாராயமும்

ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையோரத் தீவான ஐலா, புகை மணக்கும் விஸ்கிக்குப் பேர்போனது. சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகொடியும் மட்கிச் செறிந்த பீற் என்னும் எரிபொருளை மூட்டி, முளைகட்டிய பார்லியை அதன் புகையில் உலர்த்துவதால், பீனோல் வகை வேதிப்பொருள்கள் தானியத்தில் ஏறி, வடித்த பின்னும் மதுவில் தங்கிவிடுகின்றன. ஆயினும் 1881இல் அதே தீவில் தொடங்கப்பட்ட புனஹாவன் வடிசாலை, பெரும்பாலும் புகையூட்டாத பார்லியிலேயே தனது சிங்கிள் மோல்ட்டை வடிக்கிறது; முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செப்புக் கொதிகலங்களில் வடிக்கப்படும் விஸ்கிக்கே அப்பெயர் உரியது.

புகை முன்னே நிற்கும்போது நுண்ணிய மணங்கள் பின்தள்ளப்படுகின்றன. அது இல்லாதபோது நொதித்தலும் வடித்தலும் பீப்பாயும் செய்த வேலை நேராக நாவுக்கு வருகிறது. ஸ்கொட்லாந்துச் சட்டப்படி விஸ்கி 700 லீற்றருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடக்கவேண்டும். 12, 18 ஆண்டுகள் கிடந்தவற்றில் மரத்தின் லிக்னின் சிதைந்து வனிலா மணம் பிறக்கிறது, லக்டோன்கள் தேங்காயை நினைவூட்டும் இனிமையைத் தருகின்றன, உட்புறம் கருக்கப்பட்ட பீப்பாயாயின் அந்தக் கரி கந்தக நெடியை உறிஞ்சிக்கொள்கிறது. முதிர்ந்த விஸ்கியின் சாந்தமான இனிமை இந்த நீண்ட வேதிவினையின் பேறு.

அதற்கு விலையும் உண்டு: குளிர்ந்த ஸ்கொட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மது ஆவியாகிறது. 2004இல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மோல்ட்டை அறிமுகப்படுத்திய பெங்களூரின் அம்ருத் வடிசாலையில் இந்த இழப்பு அதன் பன்மடங்கு; ஆனால் வெப்பத்தில் முதிர்ச்சியும் விரைவாதலால், அங்கு சில ஆண்டுகளே போதுமாகின்றன.

யாழ்ப்பாணத் தீவகத்தில் பனை செறிந்த வேலணைக்கு இது தொலைதூரச் செய்தியன்று. பாளையைச் சீவி முட்டி கட்டினால், சுண்ணாம்பு தடவாத முட்டியில் வடியும் சாறு காற்றிலுள்ள நுண்ணுயிர்களால் சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடும். மறுநாளைக்குப் புளித்துவிடும் அந்தக் கள்ளை நெடுநாள் காக்கும் ஒரு வழி சாராயமாக வடிப்பது; யாழ்ப்பாண வடமராட்சியின் திக்கம் வடிசாலை நிறுவப்பட்டதும் பனங்கள்ளை வடிப்பதற்கே. இலங்கையில் தென்னஞ்சாராயத்தை ஹல்மில்ல மரப் பீப்பாய்களில் முதிர்விக்கும் மரபு நெடுங்காலமாக உண்டு. புகையின் துணையின்றித் தன் சொந்த மணத்தாலேயே நிற்கக்கூடிய பனஞ்சாராயமும், எந்த மரத்தில் எத்தனை ஆண்டு கிடந்தது என்ற தெளிவான வரையறையுடன் முதிர்விக்கப்பட உரிய மதுவாகும்.

அதற்கான தடை சுவையில் இல்லை, காசில் இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்து மரமேறும் சீவல் தொழிலாளிக்கு இறக்கிய கள்ளின் பணம் உடனே வேண்டும். பீப்பாயில் இட்ட சாராயமோ ஆண்டுகள் கழிந்தே பணமாகும். அந்த இடைக்கால முதலைத் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தனியே தாங்க இயலாதாகையால், 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் அரச வங்கிகளும் அதை ஏற்கவேண்டும்.