ஊர்ச் சபையும் உயர் மன்றமும்: இடைநின்று பணியாற்றுவோர்

மக்களுக்கு மிக அண்மையில் நிற்கும் ஆட்சி உள்ளூராட்சியேயாம். தெருவிளக்கு எரிவதும், சந்தை துப்புரவாயிருப்பதும், குப்பை அகற்றப்படுவதும், வாசிகசாலை திறக்கப்படுவதும், சுடலைக்குச் செல்லும் பாதை செப்பனிடப்படுவதும் அதன் கையிலுள்ளன. ஆயினும், அவ்வாட்சி தன்னளவில் நிறைவுடையதன்று. அதன் அதிகாரம் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினின்று வருவது; அதன் பொருளில் ஒரு பகுதி மாகாண அரசின் வழியாக வருவது; அதன் அலுவலரும் மேலிடத்து நியமனம் பெற்று வருவோரே. ஆகவே, ஊர்ச் சபைக்கும் மேலாட்சிக்கும் இடைநின்று, சபையின் தேவையை மேலிடத்துக்கும், மேலிடத்துச் சட்டத்தைச் சபைக்கும் விளங்கவைப்போர் இன்றியமையாதோராகின்றனர். அவர்தம் பணி யாது, அதற்கு வேண்டிய அறிவு யாது, அதன் எல்லை யாது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பணியின் இன்றியமையாமையை உணர்தற்கு இலங்கை உள்ளூராட்சியின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நலம். 1865ஆம் ஆண்டின் மாநகர சபைக் கட்டளைச் சட்டம் கொழும்பு, கண்டி ஆகிய நகரங்களில் மாநகர சபைகள் தோன்ற வழிகோலிற்று. 1871ஆம் ஆண்டின் சட்டமொன்று பழைய கிராம சபை முறைக்குப் புத்துயிரளித்தது. நகர சபைச் சட்டம் 1939இலும், பட்டின சபைச் சட்டம் 1946இலும், புதிய மாநகர சபைச் சட்டம் 1947இலும் எழுந்தன. யாழ்ப்பாணம் 1949இல் மாநகர சபையாயிற்று. பின்னர், 1980ஆம் ஆண்டின் அபிவிருத்திச் சபைச் சட்டத்தின் விளைவாக, மறு ஆண்டிற் பட்டின சபைகளும் கிராம சபைகளும் ஒருசேர ஒழிந்தன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தால், 1988இற் பிரதேச சபைகள் பிறந்தன. இதனால் அறியக்கிடப்பது யாதெனில், சட்டத்தாற் பிறந்த சபை சட்டத்தாலேயே மறையவுங் கூடும் என்பதாம். தன் ஊரை மட்டும் நோக்கிச் சட்டம் ஆக்கப்படும் இடத்தை நோக்காதிருக்கும் சபை, தன் வேரையே காவாத மரம் போல்வதாகும்.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நகரங்கள் மாநில அரசு அளித்த அதிகாரங்களையே உடையன என்னும் கோட்பாட்டை, அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்து நீதியரசர் டில்லன் 1868இல் வற்புறுத்தினார். அந்நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில், மாநிலச் சட்டமன்றத்தையும் நடுவண் அரசையும் இடைவிடாது கவனித்து நகரத்தின் கருத்தை எடுத்துரைப்பதற்கெனத் தனி அலுவலகமே இயங்குகின்றது. பட்டம் பெற்ற இளைஞர் பலர் அதனைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்கின்றனர். நம் நாட்டில் அத்தகைய தனிப் பதவி வழக்கிலில்லை. பிரதேச சபைச் செயலாளரும், மாநகர ஆணையாளரும், உள்ளூராட்சித் திணைக்களத்தின் உதவி ஆணையாளரும் தம் ஏனைய கடமைகளோடு இதனையும் ஆற்றுகின்றனர். பதவிக்குத் தனிப் பெயரில்லை எனினும், பணி உண்டு என்பது தெளிவு.

நிற்க, அப்பணியின் கூறுகளை முறையே காண்போம்.

முதலாவது, எவ்வதிகாரம் எவரிடத்து உளது என அறிந்து, உரிய வாயிலைத் தட்டுதல். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆம் திருத்தத்தின்படி, உள்ளூராட்சி மன்றங்களின் அமைப்பும் வடிவும் மத்திய அரசின் சட்டத்தால் நிருணயிக்கப்படுவன. அவற்றின் நிருவாகத்தை மேற்பார்வை செய்தல் மாகாணத்துக்கு உரியது. மாகாண சபை மன்றங்களுக்கு மேலும் அதிகாரம் வழங்கலாம். உள்ளதைப் பறித்தல் இயலாது. ஓர் ஊரில் மாரிக்கு வெள்ளம் தேங்குகின்றது என வைத்துக்கொள்வோம். ஒழுங்கை பிரதேச சபைக்கு உரியது. அது சென்று சேரும் சீ அல்லது டீ வகுப்பு வீதி மாகாண வீதித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கப்பாலுள்ள ஏ அல்லது பீ வகுப்புப் பெருவீதியும் அதன் மதகும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. வெள்ளம் இவ்வகுப்புகளை அறியாது. வீட்டு முற்றத்தில் நிற்கும். சபை தன் ஒழுங்கைக்கு மட்டும் வாய்க்கால் வெட்டினால், நீர் அடுத்த வளவுக்குச் செல்லுமேயன்றிக் கடலுக்குச் செல்லாது. மூன்று நிறுவனத்தாரையும் ஒரே நாளில் ஒரே மதகடியில் நிறுத்தி, எவர் எதனைச் செய்வார் என எழுத்திற் பெறுபவனே இத்தொழிலை அறிந்தவன் ஆவான்.

இரண்டாவது, உபவிதியாக்கம். சந்தை, இறைச்சிக் கடை, விளம்பரப் பலகை முதலியவற்றை ஒழுங்குசெய்யச் சபை உபவிதி இயற்றலாம். ஆனால், சபை கையுயர்த்திய அளவில் அது சட்டமாகிவிடாது. உரிய அமைச்சரின் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே அது வலிமை பெறும். 1952ஆம் ஆண்டின் நியம உபவிதிச் சட்டம், முன்னரே வரைந்து அங்கீகரிக்கப்பட்ட விதிகளைச் சபை தீர்மானத்தால் ஏற்றுக்கொள்ளும் எளிய வழியொன்றையும் காட்டியுள்ளது. இம்முறையில் ஒரு படி தவறினும், அவ்விதியின் கீழ் வழக்கிடப்பட்டவர் நீதிமன்றத்தில் அதன் வலிமையை மறுத்துரைக்கலாம். கழிவுநீரைத் தெருவில் விட்டவன் சிரித்துக்கொண்டு வெளியேறவும், அயலவர் நோயோடு இருக்கவும் நேரிடும். எழுத்தரின் மேசையில் நிகழும் சிறு வழு, ஊரின் உடல்நலத்தைத் தாக்குமாற்றை இதனால் உணரலாம்.

மூன்றாவது, சட்டமூலங்களைக் கவனித்தல். மாகாண சபைப் பட்டியலில் உள்ள பொருள்பற்றிய சட்டமூலம் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறுமுன், ஒவ்வொரு மாகாண சபையின் கருத்துக்கும் விடப்படல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. 2003இல் நீர்ச் சேவைகள் சீர்திருத்தச் சட்டமூலம் வந்தபோது, அது மாகாண சபைகளின் கருத்துக்கு விடப்படல் வேண்டும் என உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஊர்க் குழாயில் வரும் நீர்பற்றிய வினா அரசியலமைப்பு வினாவாயிற்று. 2012இல் திவிநெகும சட்டமூலம்பற்றியும் அவ்வாறே தீர்மானிக்கப்பட்டது. அப்பொழுது வடமாகாணத்தில் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநர் உரைக்கும் கருத்துச் சபையின் கருத்தாகுமோ என்ற வினா எழுந்தது. ஆகாது என்பதே நீதிமன்றின் முடிபு. பின்னர் 2013இல் அது மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேறியது. சட்டமூலத்தை எதிர்த்து முறையிடுதற்குரிய காலம் மிகக் குறுகியது. வர்த்தமானியை அது வெளிவரும் நாளிலேயே படிப்பவன் ஒருவனேனும் இல்லாத சபை, தன் உரிமை சென்ற பின்னரே செய்தியறியும்.

நான்காவது, பொருள். சோலைவரி என மக்கள் வழங்கும் ஆதனவரியும், உரிமக் கட்டணமும், சந்தைக் குத்தகையும் சபை தானே திரட்டுவன. காணிக் கைமாற்றத்தின் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தின் வழியாக வருவன. இவற்றுள் வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு எனத் தக்க கணக்குடன் கேட்கும் சபைக்கும், வறுமையை மட்டும் முறையிடும் சபைக்கும் வேறுபாடு பெரிது. முன்னது உரிமை கேட்கின்றது, பின்னது இரக்கின்றது.

இனி, இப்பணியின் எல்லையைக் கூறுதல் வேண்டும். இடைநிற்பவன் சபையின் வாயேயன்றிச் சபை ஆகான். சபையின் தீர்மானத்தை அவன் எடுத்துச் செல்லலாம். தன் விருப்பத்தைச் சபையின் விருப்பமெனக் காட்டலாகாது. இவ்வுண்மை அண்மையில் நம் நாட்டில் அநுபவமாயிற்று. 2018இல் தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. குறித்த தேர்தல் நடைபெறவில்லை. 2025 மே 6ஆம் நாள் 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடைபெறும்வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளரும் ஆணையாளருமே மன்றங்களை நடத்தினர். விளக்குகள் எரிந்தன, குப்பை அகற்றப்பட்டது, கடிதங்கள் சென்றன. ஆயின், எந்த ஒழுங்கைக்கு முதலில் கல்லிடுவது என்று கேட்கவும், ஏன் இடவில்லை என்று வினவவும் வட்டாரத்துக்கு உறுப்பினர் இல்லை. கடமை தவறாத அலுவலரும் அவ்வெற்றிடத்தை நிரப்புதல் இயலாது. ஏனெனில், அவர் மக்களாற் தெரியப்பட்டவரல்லர், மக்களால் நீக்கப்படவும் முடியாதவர். திறமை பிரதிநிதித்துவத்துக்கு ஈடாகாது என்பதே இதன் பாடமாம். அலுவலர் இல்லாத சபை வழியறியாது இடர்ப்படும். சபை இல்லாத அலுவலர் யாருக்காகப் பேசுகின்றோம் என்பதை அறியார்.

இத்தொழிலை விரும்பும் மாணவர் எவற்றைப் பயிலல் வேண்டும்? அரசியலமைப்பும் உள்ளூராட்சிச் சட்டங்களும் முதலிடம் பெறுவன. மூன்று மொழியிலும் பிழையற எழுதும் ஆற்றல் அதற்கடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் கோரிக்கை, படிப்பவனுக்கு விளங்காத மொழியில் இருப்பின் அது கோப்பில் உறங்கும். கணக்கறிவும், கூட்டக் குறிப்பை உள்ளது உள்ளவாறு எழுதும் நேர்மையும், பல கட்சியார்க்கும் ஒரு முகமே காட்டும் நடுவுநிலைமையும் வேண்டும். இவற்றோடு, கால்நடையாக ஊரைச் சுற்றும் பழக்கமும் வேண்டும். மதகைக் காணாதவன் மதகைப்பற்றி எழுதுங் கடிதம் பயன் தராது.

வைத்தியரும் பொறியியலாளரும் ஆதல் மேலான நோக்கங்களே. ஆயினும், வைத்தியசாலைக்குச் செல்லும் ஒழுங்கையும், பொறியியலாளர் கட்டிய மதகும் யாரோ ஒருவர் உரிய நாளில் உரிய இடத்துக்கு எழுதிய உரிய கடிதத்தால் அமைந்தவை என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்வாராக. அக்கடிதத்தை எழுதுபவரின் பெயர் திரைநீக்கும் கல்லிற் பொறிக்கப்படுவதில்லை. மாரி காலத்தில் முற்றத்தில் நீர் நில்லாதிருத்தலே அவர் பெறும் ஊதியமாகும்.