சாட்சியும் கணக்கும் – 7: 300 ரூபாயும் 80,000 கலமும்

போன வாரம், தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் குளோரிந்தாள் என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றதோடு நிறுத்தினோம். இந்த வாரம் தஞ்சை இளவரசர் சரபோஜியின் முறை. ஆனால், ஒரு 300 ரூபாய் வழிமறித்துவிட்டது. 1779-இல் சென்னை கவர்னர் ரம்போல்ட், கிழக்கிந்தியக் கம்பெனி சமாதானத்தையே விரும்புகிறது என்று மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் சொல்லிவரும்படி சுவார்ட்ஸ் ஐயரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். மறுத்தால் மரியாதைக் குறைவாகும் என்பதால் வாங்கிக்கொண்ட ஐயர், அதை அப்படியே கம்பெனியிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்ல, தஞ்சாவூரில் தொடங்க நினைத்த தருமப் பள்ளிக்கு அதையே முதல் நன்கொடையாக்க அனுமதி கேட்டார். எந்தச் சுற்றிலும் பணம் அவர் பெட்டிக்குள் போகவில்லை.

சில்லறைத் தொகைதானே, இதை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளப்பதா என்று கேட்கலாம். விடை தஞ்சைக் கோட்டையில் இருக்கிறது. பிறகு நடந்த ஹைதரின் படையெடுப்பில் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடுகள் கிடைக்கவில்லை. முன்பு நெல் ஏற்றிவந்தவர்களின் கூலியைத் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பு இடைத்தரகர்கள் விழுங்கியிருந்தார்கள். அதனால், தஞ்சை ராஜா துளஜா ஆணையிட்டும் கெஞ்சியும் குடியானவர்கள் அசையவில்லை. நம் இருவர் சொல்லும் செல்லாது, பாதிரியார் சொல்லையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்று ராஜாவே கம்பெனி அதிகாரியிடம் சொல்லும் நிலை வந்தது. கூலியை என் கையாலேயே தருகிறேன் என்று ஐயர் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் கூலியையும் மேலே சிறு வெகுமதியையும் கொடுத்தனுப்பினார். அந்தக் குடியானவர்களுக்கு ஹைதரின் 300 ரூபாய் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிறர் பணத்தில் கைவைக்காத வழக்கம் ஊரில் ஒரு பெயராக நிற்கிறது. முடை வரும் நாளில் அந்தப் பெயர்தான் கடன் பெற்றுத் தருகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அந்த நல்ல பெயரைக் கம்பெனி தன் வசதிக்குச் செலவழிக்கவில்லையா? செலவழித்தது. அந்தப் பெயரை வைத்துப் பேசிய சமாதானம் நிலைக்கவில்லை. அவர் சமாதானம் பேசிவந்த மறு ஆண்டே, 1780-இல், ஹைதரின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. அனுப்பியவர்களின் நோக்கத்தில் இருந்த அழுக்கைத் தூதரின் நேர்மை கழுவிவிடவில்லை. நல்லவர்கள் அதிகாரத்துக்குத் துணைபோகும்போது நேரும் ஆபத்து இது. விசுவாசம் இதற்குக் காப்பீடு தருவதில்லை. ஆயினும் ஹைதர் ஆளையும் அனுப்பியவர்களையும் பிரித்தே பார்த்தார். கம்பெனியோடு போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இந்தப் பாதிரியார் எங்கு போனாலும் தடுக்கக்கூடாது என்று தம் படைக்கு உத்தரவிட்டார். எதிராளியிடமிருந்து வந்த சாட்சி என்பதால் சபை தரும் புகழுரையைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

பணத்தில் தேறியவர் அதிகாரத்திலும் தேறினாரா என்பது தனிக் கேள்வி. துளஜா ராஜா தம் தத்துப்பிள்ளை சரபோஜியை ஐயர் பொறுப்பில் விட முனைந்தபோது, அவர் முதலில் தயங்கி, ராஜாவின் தம்பி அமர்சிங்கைக் கைகாட்டினார். அந்த யோசனை சிறுவனுக்குத் துன்பமாகவே முடிந்தது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம். அப்போது எந்த ரூபாயும் குறுக்கே வராது.