மலைவளம் காணல்: பெரியாற்றங்கரையில் இரண்டு முகாம்கள்

சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதை ஒரு சுற்றுலாவில்தான் தொடங்குகிறது. முதுகலை வகுப்பில் எங்களுக்கு யாரும் இதை இப்படிச் சொல்லித்தரவில்லை. கல்லைக் காணுதல் என்கிற புறத்துறையை விளக்கிவிட்டு நேரே வடதிசைப் படையெடுப்புக்குத் தாவிவிடுவார்கள். பிரதியை நிதானமாகப் படித்தால், செங்குட்டுவன் முதலில் படையெடுக்கக் கிளம்பவில்லை, தேவி வேண்மாளோடும் பரிவாரத்தோடும் மலைவளம் பார்க்கக் கிளம்புகிறான் என்பது தெரியும். பேரியாற்றின் கரையில் தங்குகிறான். (இது இன்றைய பெரியாறுதான் என்று கொள்வதே வழக்கம்.) அங்கே எழும் ஓசைகளை இளங்கோ அடுக்கித் தருகிறார். குறத்தியர் பாட்டு, வேலன் பாட்டு, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, புனம் காப்பவர்களின் கூவல், தேனடை உடைக்கும் குறவர்களின் சத்தம், அருவி, புலியோடு மோதும் யானை, பரண்மேல் இருப்பவன் குரல், குழியில் விழுந்த யானையைப் பிடிக்கிற பாகர்களின் இரைச்சல். இதில் அருவியையும் யானைச் சண்டையையும் எடுத்துவிட்டால் மிச்சம் அத்தனையும் மனித ஓசை. காடு என்பது ஆள் சத்தம் நிறைந்த ஓர் இடமாகத்தான் அந்தப் பிரதியில் வருகிறது.

பிறகு குன்றக்குறவர்கள் தலைச்சுமையோடு வருகிறார்கள். யானைத் தந்தம், அகில், கவரி, தேன்குடம், சந்தனக்கட்டை, ஏலக்கொடி, மிளகுக்கொடி, அப்புறம் புலிக்குட்டி, யானைக்கன்று என்று பட்டியல் நீள்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தையும் வன இலாகாவின் விதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு சுமைக்கும் ஒரு கேஸ் போடலாம். அன்றைக்கு அது திறை. சுமையை இறக்கிவைத்துவிட்டுத்தான் அவர்கள் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். வேங்கை மரத்தடியில் ஒரு பெண் நின்றாள், ஒரு முலை இழந்திருந்தாள், வானுலகம் போனாள் என்று. கதையை மேலே எடுத்துச் செல்லும் அறிவு முழுக்க அந்தக் காட்டுக்காரர்களின் வாயிலிருந்து வருகிறது. ஆனால் அரசன் அதை நம்பவேண்டுமானால் பக்கத்திலிருக்கும் சாத்தனார் விளக்கவேண்டியிருக்கிறது. அதற்கப்புறம் குறவர்கள் என்னவானார்கள் என்று பிரதிக்குக் கவலையில்லை.

நான் இந்தக் காதையை மறுபடி எடுத்துப் படித்தது பெரியாற்றுக் காட்டில் இரண்டு இரவு தங்கிவிட்டு வந்த பிறகுதான். மழை விட்டும் விடாத ஓர் ஐப்பசி. தேக்கடியில் புலித்தடம் என்று ஓர் ஏற்பாடு 1998 முதல் நடக்கிறது. தடவைக்கு ஐந்து பயணிகள்தான். அவர்களுக்கு ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். நடந்து போய்க் காட்டுக்குள்ளே கூடாரத்தில் தங்கவேண்டும். சமையல், சுமை, காவல் எல்லாம் அந்த ஐவர் பொறுப்பு. நகரத்து ஆட்கள் 'சாகசம்' என்று சொல்கிற சமாச்சாரம் இதில் பெரும்பாலும் அட்டைகளோடு நடப்பதுதான். முழங்கால்வரை துணியுறை மாட்டி மூக்குப்பொடி தூவிவிடுகிறார்கள். அப்படியும் ஏறிவிடுகிறது. புலி எங்களுக்குத் தென்படவில்லை. மரத்தில் நகம் கீறின தடமும், ஈர மண்ணில் ஒரு பாதமும் பார்த்தோம். கருமந்தி, மலை அணில், தூரத்தில் காட்டுமாட்டுக் கூட்டம், தலைக்கு மேலே இரைச்சலோடு போன ஒரு ஜோடி இருவாச்சி. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சிறகுச் சத்தத்துக்காகவே போகலாம்.

இந்த வழிகாட்டிகள் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே வயணம் என்கிற காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்துக் கடத்திவந்தவர்கள் 23 பேர். அந்தப் பட்டை ஊதுபத்திக்கும், நல்ல பட்டையோடு கலப்படம் செய்யவும் போய்க்கொண்டிருந்தது. 1990களின் நடுவில் உலக வங்கிப் பணத்தில் வந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்துக்கு நாட்டில் ஏழு காடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியாறு அதில் ஒன்று. அப்போது இவர்களோடு வன இலாகா ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது. காட்டைக் காட்டிக்கொடுங்கள், காவலும் காருங்கள், வழக்குகளை விட்டுவிடுகிறோம் என்பதாக. அவர்களைக்கொண்டே ஒரு கமிட்டி அமைந்தது. பயணிகளிடம் வரும் பணத்திலிருந்து அவர்களுக்குச் சம்பளம்.

எங்களோடு வந்தவர்களில் மூத்தவர் ஐம்பது தாண்டியவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். முதல் நாள் என்னை 'சார்' என்றவர் இரண்டாம் நாள் 'தம்பி' ஆக்கிக்கொண்டார். இரண்டாம் நாள் காலை ஒரு மரத்தருகே நின்றார். அடிமரத்தில் ஆளுயரத்துக்குப் பட்டை உரிந்து, காயம் ஆறி, ஓரமெல்லாம் உதடுபோல மடிந்திருந்தது.

"இது நாங்க உரிச்சதுதான். மேல வரைக்கும் உரிச்சிருந்தா பட்டுப்போயிருக்கும். அன்னிக்கு யானை வந்துருச்சு, பாதியில விட்டுட்டு ஓடிட்டோம்."

அந்த வெளிச்சத்தில் மரம் நன்றாக இருந்தது. நான் கேமராவை எடுத்தேன். அவர் சட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். "அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கங்க, காடு மட்டும் வரட்டும்" என்றேன். தள்ளிக்கொண்டார். பத்து வருஷமாக 'மற்றமை' பற்றிச் சிறுபத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருக்கிறவன் சொன்ன வாக்கியம் இது.

'காடு மட்டும்' என்ற இந்த ஆசை எங்கிருந்து வருகிறது? ஆள் இல்லாத காடே உண்மையான காடு என்ற கருத்தாக்கம் நம் திணைக்கு அந்நியமானது. குறிஞ்சிக்கும் முல்லைக்கும் கருப்பொருள் சொல்லும்போது தெய்வம், விலங்கு, மரம் இவற்றோடு மக்களும் தொழிலும் சேர்ந்தே வருகின்றன. மனிதரை வெளியே தள்ளி இயற்கையை ஓர் அருங்காட்சியகமாக்குவது 1872இல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பூங்கா அமைந்ததிலிருந்து உலகமெங்கும் பரவிய மாதிரி. இங்கே அதற்கு முன்பாகவே வேட்டைக்கென்று காட்டை ஒதுக்கிவைத்த அரசர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் பாதை போட்டுவைத்திருந்தார்கள். திருவிதாங்கூர் அரசர் ஏரிக்கரையில் கட்டிக்கொண்ட கோடைமாளிகை இன்று கேரள அரசின் சுற்றுலாக் கழகம் நடத்தும் விடுதி. சமஸ்தானம் 1934இல் அறிவித்த சரணாலயம், 1950இல் விரிந்து, 1978இல் புலிகள் காப்பகமாயிற்று.

இன்னொன்று. தேக்கடி என்றதும் நினைவுக்கு வரும் படம், நீருக்குள் கறுத்து நிற்கிற பட்ட மரங்களும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகங்களும்தான். காலண்டரிலிருந்து வாழ்த்து அட்டைவரை இயற்கையின் சின்னமாக இந்தப் படம் புழங்குகிறது. அந்த மரங்கள் 1895இல் கட்டிமுடித்த முல்லைப்பெரியாறு அணை மூழ்கடித்தவை. 1886இல் 8000 ஏக்கரை 999 வருஷக் குத்தகைக்கு எடுத்து, ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து வைகைப் பக்கம் திருப்பியது மதுரைச் சீமையின் நெல்லுக்காக. ஆக, நாம் இயற்கை என்று படகில் போய்ப் பார்ப்பது ஒரு பொறியியல் வேலையின் பின்விளைவு. (இதை அணைக்கு எதிரான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்றுதான் நான் படித்தேன்.) ஏரி வந்தது, சரணாலயம் வந்தது, உள்ளே இருந்த மன்னான்களும் பளியர்களும் குமுளி ஓரத்துக் குடிகளுக்கு நகர்த்தப்பட்டார்கள். மன்னான்கள் தங்கள் பூர்வீகம் மதுரை என்று சொல்லிக்கொள்பவர்கள். ஏரியில் வலைவீசி மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு மிஞ்சியிருக்கிறது. படகில் போகிற நாம் அவர்களுடைய மூங்கில் தெப்பத்தையும் படம் பிடித்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் நம் கோட்பாட்டு நண்பர்களுக்கு ஒரு சுலபமான முடிவு தயாராக இருக்கும். அறிவை அதிகாரம் விலைக்கு வாங்கிவிட்டது, கடத்தல்காரனைக் காவல்காரனாக்கியது கண்காணிப்பின் தந்திரம், அவ்வளவுதான் என்று. எனக்கும் முதல் இரவு கூடாரத்தில் படுத்தபடி அப்படித்தான் தோன்றியது. மறுநாள் அதையே கொஞ்சம் மாற்றிப் பெரியவரிடம் கேட்டேன். உங்களைக் கட்டிப்போட்டுவிட்டார்களே என்று.

"கட்டிப்போட்டாங்களா?" என்று சிரித்தார். "தம்பி, அப்பெல்லாம் ராத்திரி நாய் குரைச்சா பொண்டாட்டி எந்திரிச்சு உக்காந்துருவா. போலீசா, ஃபாரஸ்டான்னு. இப்பத் தூங்குறா. அதுக்கு என்ன வெல சொல்றீங்க?"

இதற்கு எந்தப் பிரஞ்சுக்காரரிடமும் பதில் இல்லை. இந்த ஏற்பாடு பித்தலாட்டம் அல்ல என்று ஒத்துக்கொண்டுதான் மேலே பேசவேண்டும். காட்டை நம்பிப் பிழைத்தவர்களைத் துரத்தாமல் அவர்களுடைய அறிவுக்கு ஒரு கூலியாவது வைத்த இடங்கள் இந்த நாட்டில் குறைவு.

என் கேள்வி அந்தக் கூலி பற்றியது. அவருக்குத் தெரிந்தது அன்றும் இன்றும் ஒன்றுதான். மிளா கத்தினால் எந்தத் திசையில் ஆபத்து, யானைச் சாணம் எத்தனை நேரத்துக்கு முந்தினது, எந்த ஓடையில் எப்போது நீர் இருக்கும். அன்றைக்கு இது குற்றத்தின் கருவி, இன்றைக்குச் சேவை. பெயர் மாற்றியது அவரல்ல. நாளைக்கு அதை மறுபடி மாற்றும் உரிமையும் அவரிடம் இல்லை. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப்பகுதியில் சுற்றுலாவை இடைக்காலமாகத் தடை செய்தது. அக்டோபரில், புதிய நெறிமுறைகளோடு, தடை நீங்கியது. மையப்பகுதியில் 20 சதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது என்று வரையறுத்தார்கள். அந்த விவாதத்தில் அரசு பேசியது, காட்டுயிர் ஆர்வலர்கள் பேசினார்கள், விடுதி முதலாளிகள் பேசினார்கள். காட்டைக் காட்டிப் பிழைக்கும் இப்படிப்பட்டவர்களின் குரல் பத்திரிகைகளில் தேடவேண்டியதாக இருந்தது. பெண்களின் நிலை இன்னும் வேறு. 2002இலிருந்து இங்கே வசந்த சேனை என்று பெண்கள் முறைவைத்துக் காட்டைச் சுற்றிவருகிறார்கள். அதற்குச் சம்பளமே கிடையாது. தன்னார்வம் என்று பெயர்.

வேறு மாதிரி சாத்தியமே இல்லையா என்று கேட்கலாம். பெரு நாட்டில், அமேசான் மழைக்காட்டின் ஓரம், தம்போபாத்தா ஆற்றங்கரையில் இன்ஃபியர்னோ என்று ஓர் ஊர். ஸ்பானிய மொழியில் நரகம் என்று பொருள். எசே எகா பழங்குடியினரும், ஆண்டிஸ் மலையிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களும் கலந்து வாழ்கிறார்கள். 1996இல் இந்த ஊர் ஒரு தனியார் கம்பெனியோடு 20 வருஷ ஒப்பந்தம் போட்டது. விடுதி ஊரின் நிலத்தில். லாபத்தில் 60 சதம் ஊருக்கு, 40 கம்பெனிக்கு. காலம் முடிந்ததும் விடுதி ஊருடையது என்று பேச்சு. போசாடா அமசோனாஸ் என்ற அந்த விடுதி 1998இல், நம் புலித்தடம் தொடங்கிய அதே வருஷத்தில், திறக்கப்பட்டது. அதனால் அந்தப் பிரதேசம் சொர்க்கமாகிவிடவில்லை. சுற்றிலும் தங்கச் சுரங்கங்கள் காட்டைத் தின்றுகொண்டுதான் வந்தன. ஆனால் அங்கே கூடாரத்துக்கு இடம் கொடுத்தவர் நிலத்துக்காரர். பெரியாற்றில் அவர் வேலைக்காரர். ஊருக்கு நிலப்பட்டா கையில் இருந்ததால்தான் அங்கே பேரம் பேச முடிந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

நமக்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. தேன், மூங்கில், மூலிகை போன்ற சிறு வனப்பொருள்களின்மேல் காட்டுவாசிகளுக்கு உடைமை உண்டு என்று அது எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. பழங்குடியல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததாக நிரூபிக்கவேண்டும். ஏலத்தோட்டத்துக்குக் கம்பத்திலிருந்தும் கோட்டயத்திலிருந்தும் ஏறிவந்து, அரைகுறை வேலையில் ஒதுங்கி, காட்டில் நுழைந்த குடும்பங்கள் இந்தக் கணக்கில் எங்கே வரும்? மன்னானுக்குச் சட்டத்தில் இருக்கிற இடம்கூட எங்கள் பெரியவருக்கு இல்லை. அவருக்கு இருப்பது அடையாள அட்டை ஒன்றுதான்.

அதே காப்பகத்துக்குள்தான் சபரிமலையும் இருக்கிறது, லட்சக்கணக்கில் ஆட்கள் போகிறார்கள். அதே காப்பகத்தின் எல்லையில் மங்கலதேவி மலையில் கண்ணகி கோயில் என்று தமிழர்கள் கொண்டாடும் இடிபாடு இருக்கிறது. வருஷத்தில் சித்ரா பௌர்ணமி ஒருநாள் மட்டும் விடுகிறார்கள். யார், எப்போது, என்ன பெயரில் காட்டுக்குள் போகலாம் என்பதற்கான பட்டியல்கள் இவை. பக்தன், பயணி, ஆராய்ச்சியாளன், காவலர். பிழைக்கப் போகிறவன் என்று ஒரு வரிசை இதில் கிடையாது.

கடைசி இரவு தூறல். முகாமில் சத்தம் போடக்கூடாது என்பது விதி. நியாயமானதுதான், யானைகள் பக்கத்தில் இருந்தன. பெரியவர் அடுப்படியில் கஞ்சி கிண்டிக்கொண்டே மற்ற நாலு பேரோடு தணிந்த குரலில் ஏதோ பழைய கதை பேசினார். எங்களில் ஒருவர் எழுந்துபோய், நிசப்தத்தைக் கேட்க விடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் இளங்கோவின் ஓசைப் பட்டியலை அப்போது நினைத்தேன் என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தபோதுதான் நினைத்தேன்.

திரும்பும்போது குமுளிக் கடைத்தெருவரைக்கும் கூட வந்தார். வரிசையாக மசாலாக் கடைகள். நான் ஒரு பட்டைப் பொட்டலம் எடுத்து அவரிடம் நீட்டி, "பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றேன். ஒரு துண்டை ஒடித்து மோந்து பார்த்தார்.

"இது நம்ம காட்டுது இல்ல. வாங்குங்க, பரவால்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த குழு வந்துவிட்டதென்று கிளம்பினார்.