உங்களுக்குத் தெரியுமா? பழைய மோட்டார் சைக்கிளின் தள்ளாட்டமும் டயரின் தேர்வும்

1975-ஆம் ஆண்டின் ஹோண்டா கோல்ட் விங் போன்ற பழைய நெடும்பிரயாண மோட்டார் சைக்கிள்கள், நெடுஞ்சாலையில் வேகம் ஏறியதும் பின்பாகம் இடமும் வலமுமாக விநாடிக்கு இரண்டு மூன்று தடவை அலையத் தொடங்கினால், உரியவர்கள் பெரும்பாலும் சேஸிஸையும் ஷாக் அப்ஸார்பரையும் சந்தேகிக்கிறார்களேயன்றி, பூமியைத் தொடும் ஒரே அங்கமாகிய டயரைக் குனிந்து பார்ப்பதில்லை. நேரான சாலையிலேயே ஓடியோடி நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்துபோன பின்டயர், வண்டி சிறிதே சாயும்போதும் அத்தட்டையின் விளிம்பில் ஏறி இறங்குவது இவ்வலைவின் பிரதான காரணங்களுள் ஒன்று; காற்றழுத்தம் குறைந்திருந்தால் உபத்திரவம் இன்னும் அதிகம்.

அக்காலத்து வண்டிகள், உள்ளிழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாக ஓடும் பயஸ் டயருக்கென்றே நிர்மாணிக்கப்பட்டவை. இழைகள் சக்கரத்தின் ஆரத்தின் திசையில் ஓடும் ரேடியல் டயர் மோட்டார் சைக்கிளுக்குப் பரவலாக வந்தது 1980-களின் பிற்பகுதியில்தான். ஆதலால், தயாரிப்பாளர் அனுமதித்தாலன்றி, முன்னே ஒரு ஜாதியும் பின்னே வேறொரு ஜாதியுமாக டயர்களைக் கலப்பது, என் அபிப்பிராயத்தில், உயிரோடு விளையாடுவதாகும்.

டயரின் பக்கச் சுவரில் காணும் 'எச்' என்ற எழுத்து மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கு அடையாளம். அதனருகிலுள்ள எண் சுமையைக் குறிக்கும். பின்னால் ஒருவரையும் பெட்டிகளையும் ஏற்றிச் செல்பவருக்கு வேகத்தைப்போல இதுவும் முக்கியமே.

அதே பக்கச் சுவரில் '2319' என்பதைப்போல் நான்கு இலக்கங்கள் காணப்பட்டால், அந்த டயர் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமலிருந்தாலும் வயதேறிய ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்துவிடும். ஆகவே விலை பேசுமுன் அவ்விலக்கங்களைத் தேடிப் படியுங்கள்.